கருங்கல்லுக்கு வந்த பன்றிக்காய்ச்சல்

விமானம் ஏறுகிறவர்கள் மேகநாதச் சித்தரின் முகக்கவசத்தைக் கட்டிக்கொள்ளாமல் ஏறக்கூடாது என்று ஓசூரில் முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. இரண்டாவதாகச் சொன்னது மொத்த ஓசூரும்தான்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. புனேயில் பன்றிக்காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கூட்டம் சேராதீர்கள் என்று சுகாதாரத் துறை வண்டி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. நல்ல யோசனை என்று ஜனங்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டு, கூட்டமாகச் சேர்ந்து சித்தரைப் பார்க்கப் போனார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் சித்தர் இறங்கியிருந்தார். ஆசீர்வாதம் தமிழில், எச்சரிக்கை கன்னடத்தில், மிச்சம் தெலுங்கில். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். காணிக்கைக்கு மட்டும் விலைப்பலகை தொங்கியது. விமானத்தைக் கிட்டத்தில் பார்க்காதவர்களும் வரிசையில் நின்றார்கள். பஸ்ஸே அபூர்வமாக வரும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் தன் எருமைக்கு முகக்கவசம் கேட்டு வந்திருந்தார். எருமை எங்கே பறக்கப் போகிறது என்று யாரோ கேட்டதற்கு, "ஏரோப்ளேன் மேல போவுதில்லீங், கிருமி கீழ உழுந்துட்டா?" என்றார். கேட்டவர் தன் ஆட்டுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

முகக்கவசம் என்பது மஞ்சளில் நனைத்துக் காயவைத்த மெல்லிய துணி. கொசு மனது வைத்தால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம். ஆனால் அதன் மகிமை வேறு. கட்டியவர் முகத்தில் சித்தர் செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். துணி மஞ்சளாகவே இருந்தால் ஆள் சுத்தம், பறக்கலாம். சிவந்தால் கிருமி உள்ளே குடித்தனம் வந்துவிட்டது என்று அர்த்தம். பரிகாரம் செய்தால் வேறொரு செம்பிலிருந்து தெளிப்பார், சிவப்பு திரும்ப மஞ்சளாகும். மூன்று செம்புகள் இருந்தன. எதை எடுப்பது என்பதை, வந்தவர் கழுத்தில் கிடக்கும் நகையைப் பார்த்து அருள்வாக்கு தீர்மானிக்கும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. சோப்பைத் தொடக்கூடாது. தொட்டால் மந்திரம் கழுவிக்கொண்டு போய்விடும்.

இதே சித்தர் போன வருடம் வரைக்கும் திம்மப்பன் என்ற பெயரில் சானமாவுப் பக்கம் யானை வராத தாயத்து விற்றவர். ஒருநாள் யானைகள் வந்து வாழைத் தோட்டத்தைத் தின்றன. தாயத்தையும் சேர்த்தே தின்றன. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிற எதிரியே வேண்டாம் என்று அவர் கிருமிக்கு மாறியது புத்திசாலித்தனம்தான்.

பொற்கொடிக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவள் ஒப்பந்தத் தொழிலாளி. புனேயில் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேரைக் கம்பெனி விமானத்தில் அனுப்பப்போகிறது, பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை நிரந்தரம் என்று அறிவிப்பு வந்திருந்தது. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. வருடக்கணக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அம்மா மாரம்மாவுக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் மகளை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பொற்கொடியின் கழுத்தில் நகை இல்லை. மஞ்சளாகவே விட்டிருக்க வேண்டிய ஆள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"சோப்புப் போடாம கிருமி எப்புடிங் சாமி போவும்? கவருமெண்ட்டு போடச் சொல்லுதே."

சித்தர் கண்ணை மூடினார். கை மட்டும் சரியாக இடப்பக்கச் செம்புக்குப் போனது. பொற்கொடியின் மூக்கும் வாயும் ரத்தச் சிவப்பாயின. மாரம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பரிகாரத்துக்கு மூன்று செவ்வாய்க்கிழமைகள் ஆகும் என்றார் சித்தர். விமானமோ நாளை மறுநாள்.

கம்பெனியில் ஆள் அனுப்பும் அதிகாரி ஸ்ரீராம். பெரிய படிப்பு. சித்தரின் முகக்கவசத்தை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். சேதி அவர் காதுக்குப் போனதும் பொற்கொடியைப் பத்தடி தள்ளி நிற்க வைத்துப் பேசினார். "உன் மேல தப்பு சொல்லலம்மா. ஆனா செவந்துடுச்சே. ஒன்ன ஏத்திட்டுப் போனா மொத்த ப்ளேனுக்கும் ரிஸ்க்." அவளுடைய இடம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. இன்னும் ஒரு நாளில் எதுவும் மாறாவிட்டால், அவள் பழையபடி ஒப்பந்தக் கூலி.

வீட்டுக்கு வந்து அந்தத் துணியைத் துவைகல்லில் போட்டாள். கோபத்தில் துவைக்கிறவர்களுக்குச் சோப்பு கொஞ்சம் அதிகமாகவே செலவாகும். சோப்புப் பட்ட இடமெல்லாம், மிச்சமிருந்த மஞ்சளும் சேர்ந்து, சிவந்தது. பொற்கொடி கையை நிறுத்தினாள். மஞ்சள் பூசிக் குளித்த அன்று துண்டைத் துவைத்தால் அதுவும் இப்படித்தான் சிவக்கும். அப்போதெல்லாம் துண்டுக்குக் காய்ச்சல் என்று யாரும் சொன்னதில்லை. வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து அதன்மேல் பிழிந்தாள். துணி மஞ்சளாகிவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாரம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சோப்புப் பட்டால் மந்திரம் போய்விடும் என்று சாமி சொன்னது எவ்வளவு சரியாகப் போயிற்று என்றாள். திருஷ்டிப் பழத்தை ஏன் அறுத்தாய் என்று முதுகில் ஒரு அடியும் வைத்தாள்.

புறப்படும் நாள் காலையில் கம்பெனி வாசலில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் பேருந்து தயாராக நின்றது. வழியனுப்பக் குடும்பங்கள் வந்திருந்தன. கடைசித் தீர்த்தம் தெளிக்கச் சித்தரும் மூன்று செம்புகளோடு வந்திருந்தார், வாயையும் மூக்கையும் காவித்துணியால் கட்டிக்கொண்டு. எதிர்ப்பக்கம் கரியப்பனின் கிரானைட் பட்டறை. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய கற்பலகைகளை ஏற்றிய லாரி சாலையோரம் நின்றது.

பொற்கொடி பெட்டியோடு வந்தாள். நேராக லாரியில் ஏறி ஒரு கற்பலகைக்குத் தன் மஞ்சள் முகக்கவசத்தைக் கட்டினாள்.

"சாமி, எனக்குத் தெளிச்ச செம்புலருந்து இதுக்கும் தெளிங்க. கல்லுக்குக் காய்ச்ச வராதில்ல. செவக்கக் கூடாது."

சித்தர் தயங்கினார். கூட்டம் தயங்கவில்லை. தெளிங்க சாமி, அவளுக்குப் புத்தி வரட்டும் என்றது. இவ்வளவு பக்தியை எதிர்த்து அவரால் என்ன செய்ய முடியும்? தெளித்தார். கருங்கல் சிவந்தது.

பொற்கொடி எல்லார் முகத்தையும் பார்த்தாள். இனி ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாள். பாவம், சின்ன வயசு.

சித்தர் கல்லைத் தடவிப் பார்த்து, இது எங்கே போகிற கல் என்று கேட்டார். கரியப்பன் வெளிநாட்டுப் பெயர் ஒன்றைச் சொன்னார்.

"அதான். அந்த ஊர்க் கிருமி" என்றார் சித்தர்.

கூட்டம் மொத்தமும் ரெண்டடி பின்னால் போனது. லாரி ஓட்டுநர் இறங்கி ஓடினார். "அப்பிடின்னா பட்டறைல இருக்கற எல்லாக் கல்லுக்கும் கட்டிரலாங் சாமி. சரக்கு திரும்பி வந்தா நான் தாங்க மாட்டேன்" என்றார் கரியப்பன். அங்கேயே பேரம் முடிந்தது. ஸ்ரீராம் பேருந்துக் கதவைச் சாத்தச் சொன்னார். பேருந்து ஓட்டுநர் எஞ்சினைச் சூடாக்கினார்.

பொற்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஜனங்களிடம் கல்லைக் காட்டிப் பயனில்லை, அவர்கள் கை பழகியதைத்தான் காட்ட வேண்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு தாம்பாளத் தட்டு வாங்கினாள். கடைக்காரர் சாமி படத்துக்கு வைத்திருந்த மஞ்சள்தூளை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். பேருந்துக்கு முன்னால் வந்து நின்று, தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி தட்டைச் சித்தரிடம் நீட்டி, அந்தத் தீர்த்தத்தில் கொஞ்சம் விடச் சொன்னாள். கல்லையே வென்றுவிட்ட களிப்பில் இருந்த சித்தர் தாராளமாகவே ஊற்றினார்.

தட்டு நிறையச் சிவப்பு.

பொற்கொடி அதை அம்மா கையில் கொடுத்தாள்.

புறப்படுகிற வண்டி முன்னால் நிற்கிறது, கையில் சிவப்புத் தண்ணீர்த் தட்டு இருக்கிறது. மாரம்மாவின் கை யாரையும் கேட்கவில்லை. பேருந்துக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

"ஏன்டி, இது ஆரத்திதான?"



மாரம்மா சித்தர் கையிலிருந்த செம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். வெற்றிலைப் பையை இடுப்பிலிருந்து இறக்காதவள் அவள். அந்த நாக்குக்கு யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை. "சுண்ணாம்பு" என்றாள். அடுத்த செம்பில் விட்டாள். முகம் கோணியது. "எலுமிச்சங்கா." மூன்றாவதையும் பார்த்தாள். "இது பச்சத் தண்ணி. ஏன்டா, கல்யாணத்துக்குக் கல்யாணம் நாங் கரைக்கறத எனக்கே வித்த காட்டி எம் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டியா?"

சித்தர் கடைசியாக ஒருமுறை கண்ணை மூடிப் பார்த்தார். மாரம்மா அதற்குள் அவர் முகத்துக் காவித்துணியைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதற்கு அடியில், மூக்கோடு ஒட்டி அழகாகப் பொருந்தியிருந்தது, மருந்துக்கடையில் விற்கும் அசல் முகக்கவசம். மேனியில் சோப்பு வாசனை வேறு.

திம்மப்பன் ஓடிய வேகத்தைப் பார்த்தால் யானைகளிடமும் அவர் இப்படித்தான் தப்பியிருக்க வேண்டும். ஆனால் இது யானைக் கூட்டம் இல்லை, காணிக்கை கொடுத்த கூட்டம். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் பிடித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள்.

ஸ்ரீராம் தன் இரண்டு மஞ்சள் துணிகளையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே தனக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். அவரும் பட்டியலில் அடுத்திருந்தவரும் பொற்கொடியின் முகத்தைப் பார்க்காமல் வழிவிட்டார்கள். மருந்துக்கடை முகக்கவசம் கட்டிக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாரம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சோப்பை ஜன்னல் வழியாக நீட்டி, ஏரோப்ளேனில் தண்ணீர் வருமா என்று கேட்டாள். வரும் என்றாள் பொற்கொடி.

பேருந்து திரும்பும்போது கிரானைட் பட்டறையைப் பார்த்தாள். கரியப்பனின் ஆட்கள் கற்களுக்கு இன்னும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தர் போலி என்பது கரியப்பனுக்கும் தெரியும். கட்டி வைப்பதில் என்ன நஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லுக்கு யோசிக்கத் தெரியாது, மன்னித்துவிடலாம். கட்டுகிறவர்களுக்கு என்ன கேடு?