அத்தை பாடிய பாட்டை நான் மேம்படுத்திய கதை

எனக்குக் காது ரொம்பக் கூர்மை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. மொத்தம் ஒன்பது வாரம். அதற்குள் செய்யக்கூடிய சேதம் அனைத்தையும் செய்து முடித்துவிட்டேன்.

எல்லாம் ஒரு ஹெட்ஃபோனில் தொடங்கியது. ஆயர் குரோவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், குலுக்கலில் எனக்கு அது விழுந்தது. (பக்கத்து மேசைக்காரிக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. அவள் இன்றும் நிம்மதியாக இருக்கிறாள்.) அதை மாட்டிக்கொண்டு இணையத்தில் நாலு கட்டுரை படித்தேன். எம்பி3 என்பது பாட்டை நசுக்கி, நம் காது கவனிக்காது என்று அது நினைப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்திருக்கும் கோப்பு. லாஸ்லெஸ் என்பது எதையும் எறியாமல் அப்படியே வைத்திருப்பது. இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் யாரையும் நான் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க விடவில்லை. "ஜால்ரா சத்தம் தகரம் மாதிரி கேக்குது பாருங்க" என்பேன். என் கணவர் டோமினிக் தலையாட்டுவார். அவருக்குத் தகரமும் கேட்கவில்லை, ஜால்ராவும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புக்கிட் பெருவாங் வீட்டில் எங்களோடு மாமாவும் இருக்கிறார், அதாவது என் மாமனார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் லாரிக்காரர் இல்லை, பாட்டுக்காரர். வாரக் கடைசியானால் ஏதாவது ஒரு கல்யாண டேவானில் (மண்டபத்தில்) மேடையேறி சினிமாப் பாட்டுப் பாடியவர். அவர் சேர்த்த பாட்டெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன, அத்தனையும் எம்பி3. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதை முழுக்க லாஸ்லெஸ்ஸாக மாற்றிப் பரிசளிப்பது என்று முடிவு செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

புதிய பாட்டுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தேன். அப்புறம் வேலை சுலபம். மென்பொருள் ஒன்று பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய கோப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கும். முதலில் தரம் குறைந்தவற்றை வரிசைப்படுத்தினேன். அடியில் நாற்பது பாட்டு படுமோசம். ஒன்றைப் போட்டேன். ஒரே இரைச்சல், தட்டுச் சத்தம், "ரசம் இந்தப் பக்கம் வரல லா" என்று யாரோ கத்துகிறார். பாவம், மாமா தலையில் யாரோ மட்டமான சரக்கைக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். பாடுகிற குரல் வரும்வரை காத்திருக்கக்கூட அந்தக் கூர்மையான காதுக்குப் பொறுமை இல்லை. அந்த நாற்பதையும்தான் முதலில் மாற்றினேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமே என்று, நகல் வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கையும் துடைத்துப் புதியதை ஏற்றினேன்.

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து காரில் ஏறியதும் மாமா எப்போதும் ஒரே டூயட்டைத்தான் முதலில் கேட்பார் என்று டோமினிக் சொல்லியிருக்கிறார். (ஞாயிறு எனக்கு ஷிஃப்ட், அந்தக் காரில் நான் போனதே இல்லை.) பிறந்தநாள் ஞாயிறன்று லீவு போட்டுக் கூடப் போய் அதையே போட்டேன்.

"மாமா, இப்பக் கேளுங்க. அவங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும்."

பாட்டு துல்லியமாக ஓடியது. பல்லவி முடிந்ததும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"யாரு மூச்சும்மா?" என்றார்.

"பாடகியோடதுதான் மாமா. ஒரிஜினல் லா!"

"அதான் கேக்குறேன். அத்தை பாடினது எங்க?"

டோமினிக் காரை ஓரமாக நிறுத்தினார்.

அத்தை என்றால் என் மாமியார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு கல்யாணத்தில் மாமாவோடு பாட வேண்டிய பெண் நெடுஞ்சாலை டோல் நெரிசலில் மாட்டிக்கொள்ள, சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தையை மேடைக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். வாழ்நாளில் அவர் மைக் பிடித்தது அந்த ஒரு பாட்டுக்குத்தான். அந்த நாற்பதும் மாமா மேடையில் பாடியவை, அதில் ஒன்று இது.

"அப்ப ஏன் மாமா சினிமாப் பாடகருங்க பேரைப் போட்டு வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாட்டு அவங்களோடதும்மா. மேடையில ஏறுனா மொதல்ல அவங்க பேரைச் சொல்லிட்டுத்தான் பாடுவோம். அதுக்கு எம்பேரைப் போட்டுக்கவா? ச்சே!"

எங்கள் ஊர் மேடைப் பாடகர்கள் எல்லாரும் இப்படித்தான். இந்த மரியாதையெல்லாம் என் மென்பொருளுக்குத் தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

"பரவால்லம்மா. இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அழிந்ததை மீட்க முடியுமா என்று டிஸ்க்கைக் கணினிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர், "இவ்ளோ சுத்தமா யாரு தொடச்சது?" என்று பாராட்டியதோடு சரி. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தக் கல்யாணத்தை யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள். மணப்பெண் செல்வி அக்கா குருபோங்கில் தையல் கடை வைத்திருப்பதாக மாமா சொன்னார். டோமினிக் கூடவே ஒரு தகவல் சொன்னார்.

"அவங்க டிவோர்ஸ் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு ஜெனி. நீ போய்க் கேளு. நான் வரல."

போனேன். ஒரு காரணம் வேண்டுமே என்று முதலில் ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். அவர் கழுத்தளவு எடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். டேப்பை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கல்யாணத்தை இன்னொருத்தர் தேடி வருவாங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல லா" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு வீடியோ சிடி தட்டைத் தேடி எடுத்து வந்தார். "வச்சுக்குங்க. திருப்பித் தர வேணாம். ஆனா அந்தாளு மூஞ்சி வந்தா ஓட்டி விட்ருங்க."

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். கேமராக்காரர் பாட்டின் முக்கால் பாகத்துக்குச் சாப்பாட்டுப் பந்தியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார், ஒரே இரைச்சல். மேடைப் பக்கம் வந்தபோது கடைசிச் சரணம். அதிலும் பாதியில், வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி அறிவிப்பு. அதற்கு அடியில் மெல்லிசாக, கொஞ்சம் சுருதி விலகி, ஒரு பெண் குரல். பச்சைப் புடவை கட்டிய அத்தை கையில் தாள் வைத்திருந்தார். ஆனால் தாளைப் பார்க்கவில்லை. மாமா கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்க, அத்தை மாமாவையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

மாமா அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார்.

"இத்தனை வருஷமா காதுல மட்டுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இவ என்னையப் பாத்துக்கிட்டே பாடியிருக்கா. எனக்குத் தெரியாதும்மா."

மீதிப் பாட்டு போனது போனதுதான். மற்ற முப்பத்தொன்பதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மாமா அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால்தான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் சும்மா விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மாமா பிள்ளையைக் கையில் வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, தாதியை மிஸ்ஸி என்று கூப்பிட்டு, தமிழில் தொடங்கி மலாயில் ஒன்று சொல்லி முடித்தார். அதை முழுக்கத் தமிழாக்கி எங்கள் சொந்தக்காரர்கள் எல்லா விருந்திலும் எனக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"மிஸ்ஸி, பிள்ளைய இவகிட்ட தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. இதைவிட நல்லதா ஒண்ணு கெடைச்சா, மாத்தி வச்சிருவா."