இடுப்புத் துணிக்குள் அடங்காத ஆண்டவர்

சான் கஸ்பார்,
தவக்காலம் ஐந்தாம் வாரம், திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய ரெஃபுகியோ அக்காவுக்கு, உங்கள் ஒரே தம்பி ஃபிலெமோன் பணிந்து எழுதுவது. இங்கே என் வீட்டுக்காரி ஒதிலியா நலம், கோழிகள் நலம். நான் மட்டும் நலத்தின் எல்லையைத் தாண்டிவிட்டேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா, பெரிய வெள்ளியன்று நான் சிலுவை சுமப்பதைப் பார்க்க மெக்ஸிகோ நகரத்திலிருந்து வேன் பிடித்துப் பதினான்கு பேரோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வராதீர்கள்.

செப்டம்பரில் ஒதிலியாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, "இவளைத் திருப்பிக் குடு, உன் சிலுவையை நான் சுமக்கிறேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டார், அவள் வாய்கூட முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. பெரிய வெள்ளி நாடகத்துக்கு வேண்டுதல்காரர்களுக்குள் சீட்டுக் குலுக்கியதில் ஆண்டவர் வேடம் எனக்கே விழுந்தது. சிலுவையோ எண்பது கிலோ, எனக்கோ மூன்று கிலோ தக்காளிக்கே மூச்சு வாங்கும். நசாரியோவின் ஜிம்மில் சேர்ந்தேன். "அண்ணே, தோள்ல சதை ஏறணும், வயித்துல ஏறக் கூடாது. கடைசில அங்கியைக் கழட்டிட்டு வெறும் இடுப்புத் துணியோட நாலாயிரம் பேர் முன்னாடி தொங்கப்போறீங்க. விலா எலும்பு தெரிய வேணாமா?" என்றார். பளு தூக்கு, முட்டையும் பீன்ஸும் கோழியும் தின்னு, நன்றாகத் தூங்கு, வழக்கத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடச் சாப்பிடு, வாரத்துக்குக் கால் கிலோவுக்குமேல் ஏறினால் அது கொழுப்பு என்று கணக்குச் சொன்னார். "கொஞ்சம்னா எவ்வளவு?" என்றேன். "ரெண்டு முட்டை, ஒரு சோள ரொட்டி. அதோட எந்திரிச்சிரணும்."

பதினான்கு வாரத்தில் மூன்றரைக் கிலோ ஏறியது, தோள் கல்லாகிவிட்டது. நான் கண்ணாடிமுன் நிற்கும் நேரத்தை ஒதிலியா பாதிரியாரிடமே போட்டுக்கொடுத்தாள். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகள் வந்தன. ஆண்டவர் சிலுவையோடு மூன்று தரம் விழுந்ததுபோல மூன்று வாசல்களில் விழ வேண்டும், விழுகிற வீட்டில் சாப்பிட்டுத்தான் எழ வேண்டும், மறுத்தால் ஆண்டவரே அந்த வீட்டை ஒதுக்கினார் என்று பேச்சாகிவிடும். நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா! முதல் வீட்டில் மீன் வடை, இரண்டாம் வீட்டில் பீன்ஸும் ரொட்டியும், மூன்றாம் வீட்டில் பெர்பெத்துவா அம்மா வெல்லப்பாகில் ஊறிய ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஒரு தாம்பாளத்தோடு நிற்கிறாள். "வேணாம்மா, ஜிம்காரர் திட்டுவாரு" என்றேன். "என்ன ஆண்டவரே, ரெண்டாவது வீட்டுல மூணு தட்டு காலி பண்ணீங்களாமே! என் வாசல்ல சும்மா விழுந்துட்டுப் போறதுக்கா நான் விடியக்காலையில இருந்து பாகு காய்ச்சினேன்?" சாப்பிட்டேன் அக்கா. மீதி தூக்குவாளியில் வீட்டுக்கு வந்தது, அதையும் சாப்பிட்டேன். இதே போல ஐந்து வாரம். நசாரியோ நாடா போட்டு அளந்தார். "தோள் மூணு சென்டிமீட்டர் கூடியிருக்கு, வாழ்த்துகள். இடுப்பு பதினொண்ணு. இதை நான் உங்க ஆண்டவர்கிட்டயே விட்டுர்றேன்."

நேற்று இடுப்புத் துணி அளவு பார்த்தார்கள். ரோமப் போர்வீரனாக நடிக்கிற ஒருவன், "இவரை அறைய ஆணி பத்தாதுப்பா, லாரிக் கயிறு கொண்டாங்க!" என்று கத்த, தெருவே சிரித்தது. ஒதிலியாவும் சிரித்தாள், தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு. ஊரே அழ வேண்டிய நாளில் என் தொப்பையைப் பார்த்து நாலாயிரம் பேர் சிரித்தால் அந்தப் பாவம் யாருக்கு? சரி, விலகிக்கொள்ளலாம் என்றால் வேண்டுதல் என்னாவது? கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால்? அவள் லேசாக இருமினால்கூட ஓடிப்போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.

அத்தானுக்கு வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். வேடத்தில் இருப்பதால் இந்த வருடம் கொஞ்சம் கூடுதலாகவே பலிக்கும்.

கலங்கிய தம்பி,
ஃபிலெமோன்

பி.கு.: செவ்வாய் காலை. இதைத் தபாலில் போடுவதற்குள் நாடகக் குழு கூடி, ஆண்டவர் வேடத்தைத் தபால்காரர் உபால்தோவுக்கு மாற்றிவிட்டது. அறுபது கிலோ மனிதர், விலா எலும்பைச் சட்டைக்கு மேலேயே எண்ணலாம். எனக்கு, பாதி வழியில் அவரிடமிருந்து சிலுவையை வாங்கிச் சுமக்கிற சீமோன் வேடம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை அங்கி! "நான் வேண்டிக்கிட்டது சுமக்கிறதுக்குத்தானே சாமி, தொங்குறதுக்கு இல்லியே?" என்று பாதிரியாரைக் கேட்டேன். "அதே சிலுவைதான் ஃபிலெமோன், போ" என்றார். ஆகவே பதினான்கு பேரும் வாருங்கள். உபால்தோ சிலுவையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துப்போனார். "அண்ணே, பாதி வழி வரைக்கும் எதுக்கு? நான் முதல் வாசல்ல விழறப்பவே வாங்கிக்குங்களேன்" என்றார். வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.