நான்கடிக் கோவில்

கோவில் கட்ட அளந்து குச்சி அடித்த அன்று பிரிக்பீல்ட்ஸ் காலி மனையில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், ரயில்வே பட்டறை ஃபிட்டர் மரியதாஸ், கல்யாணம் நிச்சயமான அவர் மகள் தங்கமணி, கிள்ளானிலிருந்து வந்த சம்பந்தி, ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஆரோக்கியசாமி, அளவு ஒழுங்கு இலாகா இன்ஸ்பெக்டர் சபாபதி, அவருடைய நாற்காலியைச் சுமந்த பியூன், நான். ஒரு ஆடும் இருந்தது. கல்யாண விருந்துக்கு வாங்கியது என்பதால் அதுவும் சபைக் காரியமாகவே வந்திருந்தது.

மனை அறுபதடி அகலம். கோவிலுக்கு முப்பது, சபை மண்டபத்துக்கு முப்பது, நடுவே ஒரு சுவர். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்பே கோவிலில் தாலி, மண்டபத்தில் விருந்து. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை காத்திருக்க முடியாது, கிள்ளானில் பெண்ணுக்குப் பஞ்சமில்லை என்று சம்பந்தி சொல்லிவிட்டார்.

சபாபதி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பரிசீலித்தார்.

"கோவிலுக்கு வரி இல்லை. மண்டபத்துக்கு உண்டு. இந்தச் சுவர் எந்தப் பக்கம்?"

"இரண்டுக்கும் பொது, ஐயா," என்றார் சாமியார்.

"பாதிச் சுவருக்கு வரி விதிக்க இலாகாவுக்கு அதிகாரமில்லை. தனித்தனிச் சுவர் வேண்டும்."

"சரிங்க, ரெண்டு சுவரா வச்சிடுறோம்," என்றார் மரியதாஸ்.

"நடுவே இடைவெளி வருமே?"

"ஒரு சாண் வரும்."

"இடைவெளி என்றால் சந்து. சந்து என்றால் இருபதடி. கக்கூஸ் அள்ளும் வண்டி திரும்ப வேண்டாமா?"

"இங்க கக்கூஸே இல்லீங்களே!"

சபாபதியின் முகம் கடுத்தது. "வண்டிக்கு வழி விட்டுவிட்டு வேலை கொடுக்காமலிருப்பது குற்றம். ஆறடியில் ஒன்று கட்டுங்கள்."

ஆக, இலாகா எடுத்துக்கொண்டது இருபத்தாறடி. அதை எதில் குறைப்பது என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு சபை கூடியது.

"மண்டபத்துல கை வைக்காதீங்க," என்றார் சம்பந்தி. "பாண்டு வாத்தியமே பதினாறு பேரு. மேடை வேணும். கிள்ளான்ல இப்பல்லாம் மேடையில்லாம கல்யாணமே நடக்கிறதில்ல."

"அப்போ கோவில், மாமா?" என்றாள் தங்கமணி.

"கோவிலுக்கு எதுக்கும்மா அகலம்? மேல பாத்துத்தானே வேண்டிக்கிறோம்!"

கை தூக்கச் சொன்னார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரும் தூக்கினோம். இருபத்தாறடியும் கோவிலில் போயிற்று.

கட்டி முடிந்ததும் மரியதாஸ் உள்ளே போய் இரு கைகளையும் விரித்தார். இரண்டு சுவரும் தட்டின. "ரயிலு கார்டு வேன்கூட இதைவிட அகலம் லா!" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக நின்றால் இருபத்தெட்டுப் பேர் கொள்ளும். மற்றவர்கள் சந்தில் நிற்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை முன்னே, தங்கமணி பின்னே. பக்கம் பக்கமாக நின்றால் அவருடைய புதுக் கோட்டில் சுண்ணாம்பு ஒட்டும். சாமியார் "சம்மதமா?" என்று கேட்கிற சமயம், சந்தில் மாட்டு மணி கேட்டது. கக்கூஸ் வண்டியை ஓட்டி வந்தவர் தம்புசாமி. வண்டிக்கு முன்னால் சபாபதி.

"விலகுங்கள்! இது சட்டப்படி சந்து!"

ஒரு பக்கம் வண்டி வாசனை. மறுபக்கம் மண்டபத்திலிருந்து ஆட்டுக்கறி வாசனை. சபை தன் பக்கத்தைத் தேர்ந்துகொண்டது. உள்ளே நின்றவர்களும், பந்தி தொடங்கிவிடும் என்று வரிசையாக வெளியேறினார்கள். முதலில் போனவர் சம்பந்தி. பந்தியை நிறுத்திவைக்கப் போன மரியதாஸும் திரும்பவில்லை.

"சாட்சி இரண்டு பேர் இல்லாமல் கல்யாணம் செல்லாதே!" என்றார் சாமியார். மறுநாள் விபூதிப் புதன்.

தங்கமணி முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "தம்புசாமி அண்ணே, சாட்சி போடுறீங்களா?"

"கைநாட்டுத்தான் தங்கச்சி."

"போதும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் வாங்க."

"நான் உத்தியோகத்தில் இருக்கிறேன். ஏய், சந்தில் வண்டியை நிறுத்தக் கூடாது!"

"ஐயா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மாடு நகரும்," என்று தம்புசாமி கீழே இறங்கினார்.

சபாபதி சட்டத்தைக் காப்பாற்றக் கோவிலுக்குள் நுழைந்து, தம்புசாமிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாலி ஏறியது.

கோவில் சிறியது என்று இப்போது பலரும் இலாகாவைத் திட்டுகிறார்கள். அன்று மண்டப ஜன்னலில், கையில் எலும்போடு நின்று எண்ணியவன் நான். கோவிலுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். மிச்சமிருந்த இடம் இருபத்துமூன்று பேருக்கு.