இரண்டு போத்தல் நேர்மை

உலகத்தில் எத்தனையோ தேசங்கள் சைக்கிள் ஓட்டுகின்றன. ஆனால் சைக்கிளோட்டத்தின் கற்பைக் காப்பாற்றிய பெருமை திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத் தொழில்முறைச் சைக்கிளோட்ட மேம்பாட்டுச் சபை ஒன்றுக்கே உரியது. யுத்தம் மும்முரமாக நடந்த 1997ஆம் ஆண்டு அது. பற்றரி, பசளை, சீமெந்து எல்லாவற்றுக்கும் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. நேர்மைக்கு மட்டும் தடை இருக்கவில்லை. கொண்டுவரத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சபையின் தலைவர் காசிநாதர், ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர். வாழ்நாளில் சைக்கிளில் ஏறியவர் அல்லர். ஆகையால் எந்தச் சைக்கிளுக்கும் பக்கம் சாராதவர். மருத்துவ ஆலோசகர் ஞானமணி, ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. எந்த நோய்க்கும் ஒரே கலவையைக் கொடுத்து, நோய்கள் அனைத்தையும் சமமாக நடத்தியவர். செயலாளர் சிவகுருநாதனுக்கு இருபத்துமூன்று வயது. பகலில் எழுதுவினைஞன், மாலையில் தட்டச்சு வகுப்பு மாணவன். எதையும் இலக்கமிட்டு எழுதுவான். எழுதிய பிறகு அது சரியா என்று சந்தேகப்படுவான். சந்தேகத்துக்கும் இலக்கமிடுவான். முடிவைத் தலைவர் எடுப்பார், மனச்சாட்சி உறுத்தலைச் செயலாளன் எடுத்துக்கொள்வான். சபையில் வேலைப் பங்கீடு அப்படி.

அந்த வருடத்து ஓட்டம் நகரத்திலிருந்து தம்பலகாமச் சந்திக்குப் போய்த் திரும்புவது. முப்பது மைல். வழியில் இருந்த ஆறு சோதனைச்சாவடிகளையும் அன்று காலை மட்டும் திறந்துவிடுவதாக எழுத்தில் அனுமதி வந்திருந்தது. முதற்பரிசு ஒரு புதிய சைக்கிள். வெல்லப்போவது யார் என்பதில் சபைக்கு ஐயமே இல்லை. தலைவரின் தங்கை மகன் தங்கத்துரை, கொழும்புக் கழகம் ஒன்றில் சம்பளத்துக்கு ஓடுகிறவன். இத்தாலிச் சைக்கிள், மினுமினுக்கும் காற்சட்டை, சின்னத் தோற்பெட்டி நிறைய 'விற்றமின்' எல்லாம் அவனிடம் இருந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுப்பான். அவனைப் பாராட்டும் உரையைச் சிவகுருநாதன் முதல் நாளே பிழையில்லாமல் தட்டச்சுச் செய்துவிட்டான்.

வென்றது ஸெய்னுதீன் என்ற மீன் வியாபாரி.

தொழில்முறை ஓட்டத்துக்கு மீன் வியாபாரி எப்படி வந்தார் என்று யாரும் கேட்கலாம். விண்ணப்பப் படிவத்தின் நான்காம் கேள்வி, 'சைக்கிள் ஓட்டுவது உமது தொழிலா?' என்பது. துறைமுகக் கரையில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, நாள்தோறும் தம்பலகாமத்துக்குச் சைக்கிள் மிதிக்கிற மனிதர் அதற்கு 'ஓம்' என்று எழுதியிருந்தார். சிவகுருநாதன் மூன்று தடவை வாசித்தான். மறுக்க வழி தெரியவில்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கத்துரைக்குப் பதினொரு நிமிடம் முந்தி வந்து சேர்ந்தார் ஸெய்னுதீன். முடிவுக் கோட்டைத் தாண்டிய கணம் அவருடைய பழைய சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் கவை இரண்டாக ஒடிந்தது. அவர் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, "புதுசு எங்க சேர்?" என்று கேட்டார்.

புதுசு கொடுக்கப்படவில்லை. மூன்றாம் நாள் விசாரணை கூடியது.

"உம்முடைய பயிற்சியாளர் ஆர்?" என்று ஆரம்பித்தார் காசிநாதர்.

"அஞ்சு மணி, ஐயா."

"என்ன?"

"பின்னேரம் அஞ்சு மணிக்கு றோட்டப் பூட்டிருவாங்க. நான் தம்பலகாமத்தில வித்து முடிக்க நாலு மணி ஆகும். அதுக்குள்ள ஆறு செக்பொயின்ற்லயும் இறங்கி, பெட்டியக் கழட்டி, மீனை ஒவ்வொண்டாத் தூக்கிக் காட்டோணும். ஓட்டம் நடந்த அண்டைக்கு மீனும் இல்ல, செக்பொயின்ற்றும் இல்ல. ரெண்டு காலும் முன்னுக்குப் போச்சு. நான் பின்னால வந்தன்."

"மனிசனால ஏலாத வேகம் இது," என்றார் ஞானமணி கவலையோடு. "காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பழஞ்சோறு."

"அதோட?"

"வெங்காயம்."

"வெங்காயம் எண்டு எழுதும் தம்பி. கீழ ஒரு கோடும் போடும்."

சிவகுருநாதன் கோடு போட்டான். பிறகு அந்தக் கோடு நியாயமானதா என்று யோசித்தான்.

"வழியில் ஏதும் குடிக்கிற பழக்கம் உண்டோ?" என்றார் தலைவர்.

"ஓம், ஐஸ் தண்ணி. நாளும் குடிக்கிறனான்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சந்திச் செக்பொயின்ற்ல குடிக்கச் சொல்லுவாங்க ஐயா. தண்ணியாக் கொண்டுபோற எதையும் கொண்டுபோறவன் குடிச்சுக் காட்டோணும். நஞ்சோ வெடிமருந்தோ எண்டு பாக்கிறதாம். மீன் பெட்டிக்குள்ள உருகிற தண்ணிய எங்க கொண்டு ஊத்த? ஒரு மிடறு குடிச்சுக் காட்டித்தான் போறன்."

'குறிப்பு 7: வெற்றியாளர் இரகசியத் திரவம் ஒன்றை நீண்டகாலமாக அருந்திவருவதை ஒப்புக்கொண்டார்' என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதவேண்டியிருந்தது. 'இரகசிய' என்ற சொல்லின் மேல் சிவகுருநாதன் சிறியதாக ஒரு கேள்விக்குறி இட்டான். அதுதான் அதுவரை அவன் வாழ்க்கையில் செய்த ஆகப் பெரிய கலகம்.

"ஐயா," என்றார் ஸெய்னுதீன், "என்ட சைக்கிள் ஒடிஞ்சு போச்சு. பெட்டியத் தலையில வைச்சு நடக்கிறன். நடந்து போய்ச் சேரக்குள்ள பாதி மீன் பழுதாயிரும். வாங்கிற சனம் மூக்கப் பொத்துது. விசாரணை முடியுமட்டும் அந்தப் புதுச் சைக்கிளையாவது தாங்களன்."

"அது சான்றுப் பொருள். மீன் நாறலாம், விளையாட்டு நாறக்கூடாது," என்றார் காசிநாதர். இந்த வசனத்தை அறிக்கையில் தனி வரியாகப் போடும்படியும் பணித்தார்.

ஆகவே விஞ்ஞானத்தை அழைப்பதென்று முடிவாயிற்று. சிறுநீரைப் போத்தலில் எடுத்து, செயலாளன் கையோடு கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிப்பித்து வரவேண்டும். இங்கேதான் சிவகுருநாதனின் ஒழுங்கு குறுக்கே வந்தது.

"ஐயா, விதி பதினாலு. முதலாம் ஆளிடமும் எடுக்கோணும், இரண்டாம் ஆளிடமும் எடுக்கோணும். நான் பிழையா விளங்கிக்கொண்டேனோ தெரியாது."

காசிநாதர் அவனை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "ஒரு ஒழுங்குக்கு ரெண்டையும் எடும். முதலாம் போத்தலை மட்டும் திறக்கச் சொல்லி நான் கடிதம் தாறன்."

ஞானமணி இரண்டு இருமல் மருந்துப் போத்தல்களைக் கழுவிக் கொடுத்தார். சிவகுருநாதன் 1, 2 என்று சீட்டு ஒட்டினான். இரண்டாம் போத்தலை நீட்டும்போது தங்கத்துரை கண்ணைச் சிமிட்டினான். "கவனம் ஐசே, கையில ஊத்திப்போடாதயும். பிறகு நீரும் என்னோட ஓடவேண்டி வரும்."

மறுநாள் காலை பஸ் தம்பலகாமச் சந்திச் சாவடியில் நின்றது. பயணிகள் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். சிப்பாய் ஒருவன் சிவகுருநாதனின் பையைத் திறந்து போத்தல்களை வெளியே எடுத்தான்.

"என்ன இது? மருந்தா?"

"இல்லை. சிறுநீர்."

சிப்பாய்க்கு விளங்கவில்லை. "மூத்திரம்" என்றான் சிவகுருநாதன், தாழ்ந்த குரலில். விளங்கிவிட்டது. அந்தச் சொல் சிங்களத்திலும் ஏறக்குறைய அதுதான். நாட்டின் இரண்டு மொழிகளும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்ட சொற்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

"எங்க போகுது?"

"கொழும்புக்கு."

"ஏன், கொழும்பில மூத்திரம் இல்லையா?"

சிவகுருநாதன் தலைவரின் கடிதத்தை நீட்டினான். சிப்பாய் கீழே இருந்த முத்திரைகளை எண்ணினான். "நாலு சீல். ரெண்டு போத்தல் மூத்திரத்துக்கு நாலு சீல்! பொய். குடி."

சிவகுருநாதன் வழக்கம்போல் மனதுக்குள் இலக்கமிட்டான். ஒன்று, மறுத்தால் உள்ளே போடுவார்கள். இரண்டு, ஓடினால் சுடுவார்கள். மூன்று, குடித்தால் சபையின் சான்று அழியும். மூன்றாவதில் உயிர் மிஞ்சுவதைக் கண்டு முதலாம் போத்தலைத் திறந்தான்.

ஒரு மிடறு. உப்பு. சபையின் எந்த அறிக்கையிலும் அவன் கண்டிராத உப்பு. வேறொன்றும் நடக்கவில்லை.

"மற்றது."

இரண்டாம் போத்தல் கைத்தது. சிப்பாய் அவன் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு, மிச்சம் இரண்டையும் தெருவோரத்தில் ஊற்றச் சொல்லி, வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தான். இதற்குள் பஸ் போய்விட்டது.

உலகத்தின் பெரிய நாடுகளில் இந்தப் பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டும், நிபுணர் வேண்டும், மூன்று வாரம் வேண்டும். திருகோணமலையில் கால்மணி நேரம் போதுமாக இருந்தது. முதலில் சிவகுருநாதனின் காது சுட்டது. பிறகு இதயம் வள்ளத்து மோட்டார் மாதிரி அடித்தது. வீதி குறுகிப்போனதாகவும் தான் நீண்டுவிட்டதாகவும் தோன்றியது. மணிக்கூட்டைப் பார்த்தான்: ஒன்பது இருபது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்தை நோக்கி ஓடத் தொடங்கினான். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்தவன் அவன். மற்றச் சாவடிகளில் மட்டும், ஓடினால் ஆபத்து என்று, மிக மரியாதையாக நடந்தான்.

பாதி வழியில், தலையில் பெட்டியோடு எதிரே வந்தார் ஸெய்னுதீன். தோளெல்லாம் மீன் தண்ணீர். நடந்து நடந்து ஒரு கால் வீங்கியிருந்தது.

"தம்பி! என்ன ஓடுறீங்க? ஆமி துரத்துதா?"

"இல்லை, ஸெய்னுதீன் நானா. உங்கட போத்தலில் ஒண்டும் இல்லை. நான் குடிச்சுப் பாத்தனான்."

ஸெய்னுதீன் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார். "என்னத்தக் குடிச்சீங்க?"

"அதைப் பிறகு கதைப்பம். இந்த மரத்துக்குக் கீழ இருங்கோ. உங்கட சைக்கிளோட வாறன்."

"தலைவர் தரச் சொல்லிட்டாரா?"

சாதாரண நாளில் இந்தக் கேள்விக்குச் சிவகுருநாதன் இரண்டு கிழமை யோசித்திருப்பான். "இல்லை," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பதினொன்று முப்பத்தைந்துக்குச் சபை அலுவலகத்தைத் திறந்தான். புதிய சைக்கிள் நாடாவோடு நின்றது. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகி, 'பரிசோதனை முடிந்தது. வெற்றியாளர் சுத்தமானவர். பரிசு வழங்கப்படுகிறது' என்று மூன்று வரி அடித்தான். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. 'தலைவருக்காக' என்று ஒப்பமிட்டு, நான்கு முத்திரை குத்தி, யோசித்து, ஐந்தாவதையும் குத்தினான். பிறகு நாடாவை அறுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

அன்று பின்னேரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வெறும் ஐஸ் பெட்டியோடு ஸெய்னுதீன் புதுச் சைக்கிளில் நகரத்துக்குள் நுழைந்ததைப் பலர் கண்டார்கள். கையில் ஐந்து முத்திரைக் கடிதம் இருந்தது. தலைவரே கேட்டாலும் திரும்ப வாங்க ஏலாத கடிதம்; ஏனென்றால் முத்திரைகள் தலைவருடையவை.

மூன்றாம் நாள் சபை அவசரமாகக் கூடியது. சிவகுருநாதனின் வேகம் மறுநாள் மத்தியானமே இறங்கிவிட்டது. ஆனால் தலைவரின் முகத்தைப் பார்த்து எழுதுகிற பழைய பழக்கம் திரும்பி வரவில்லை. ஒருவேளை முதலாம் போத்தலிலும் ஏதாவது இருந்திருக்குமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம்.

"ஆரைக் கேட்டுச் செய்தனீர்?" காசிநாதர் மேசையில் அடித்தார்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை ஐயா."

"பயமில்லையோ?"

"அண்டைக்கு இருக்கேல்லை."

ஞானமணி எழும்பி வந்து அவனது கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "தலைவர், பதினைஞ்சு மைல் ரெண்டேகால் மணித்தியாலம். ஓடத் தெரியாத பொடியன். இது மருந்து வேலைதான்."

"ஓம் ஐயா," என்றான் சிவகுருநாதன். "மருந்துதான். இரண்டாம் போத்தல். எழுதட்டா?"

மூலையில் தங்கத்துரை தன் தோற்பெட்டியைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளினான்.

"போத்தலின்ர இலக்கம் தேவையில்லை," என்றார் காசிநாதர். "ஊத்துண்ட சான்றைப் பற்றிச் சபை கதைக்காது. தங்கத்துரை அடுத்த மாதம் தேசிய ஓட்டத்துக்குப் போறான், அவனுக்கு ஒரு வாழ்த்துரை அடியும். அதுக்கு முதல் உம்மைப் பற்றின தீர்மானத்தை எழுதும்."

அவர் சொல்லச் சொல்ல, செயலாளன் தனக்கெதிரான தீர்மானத்தைத் தானே எழுதினான். வழக்கம்போல் இலக்கமிட்டான். கேள்விக்குறி எதுவும் இடவில்லை. அது இன்றும் சபையின் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது:

'தீர்மானம் 3: செயலாளர் சிவகுருநாதன் உண்மையைக் கண்டறிந்து, யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரே நாளில் நீதி செய்து முடித்துள்ளார். இச்சபையின் உத்தியோகத்தர் ஒருவருக்கு இப்படியொரு நேர்மை இயல்பாக வந்ததாக இதுவரை பதிவு இல்லை. ஆகவே அவர் ஊக்கமருந்து பாவித்துள்ளார் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். ஏனைய உத்தியோகத்தர் அனைவரும் சுத்தமானவர்கள் எனவும் சபை உறுதிப்படுத்துகிறது.'