தோற்கத் தெரியாத கம்ப்யூட்டர்

செங்கோட்டையன் கையில் கறுப்புக் காய் இருந்தது. கம்ப்யூட்டர் காட்டிய இடத்தில் அதை வைக்கவே கூடாது. வேறு எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

எதிரே, ஆர்டர் கொடுக்க வந்த கொரியாக்காரர் சோய் உட்கார்ந்திருந்தார். கோ ஆட்டத்தில் அவர் ஊரில் பெரிய கை. குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடு, ஒருவருக்குக் கறுப்புக் காய், ஒருவருக்கு வெள்ளை, சுற்றி வளைத்தால் இடம் நம்முடையது. அவ்வளவுதான் ஆட்டம். வந்தவரைச் சந்தோஷப்படுத்த முதலாளி நவநீத் ஒரு கோ புரோகிராமை வாங்கி, எங்கள் கம்ப்யூட்டரோடு ஆடிப் பார்க்கிறீர்களா என்று கேட்டும்விட்டான். அது உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையே மண்ணைக் கவ்வ வைக்கிற ரகம் என்பது இன்று காலையில்தான் அவனுக்குத் தெரிந்தது. அதைத் தோற்கச் சொல்லும் பொத்தானைத் தேடித் தேடிப் பார்த்தான். அப்படியொன்றை எவனும் வைக்கவில்லை.

கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது. காய் வைக்க ஓர் ஆள் வேண்டும். மதுக்கரை லேத் பட்டறை மேஸ்திரி செங்கோட்டையனைப் பிடித்துவந்து, அது காட்டுவதை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று காதோடு சொல்லிவைத்தான். சோய் சிரித்த முகத்தோடு போனால் பட்டறைக்கு ஆர்டர். முகம் சுண்டிப் போனால் மாதக் கடைசியில் பூட்டு. செங்கோட்டையனோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டு கோடு தள்ளி வைத்தார். வைத்த இடத்தைத் திரையிலும் தொட்டார். அதில் தெரிந்த, கம்ப்யூட்டர் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. நவநீத் மூச்சு விட்டான். சோய் வெகுநேரம் யோசித்து ஒரு வெள்ளைக் காயை வைத்தார். எண் அறுபத்தைந்துக்கு ஏறியது.

"என்னங்க தம்பி, ஏறுதுங்க?"

"இன்னுங் கொஞ்சம் தள்ளி வைங்க."

ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். சோய் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு வைத்தார். எழுபத்தெட்டு.

கம்ப்யூட்டர் கோணலாக வைத்தால் அதில் ஏதோ சூது இருக்கிறதென்று பெரிய ஆட்டக்காரர்களே மிரண்டுவிடுவார்களாம். நவநீத் கிசுகிசுத்தான். அதனால் சூதே இல்லை என்று தெரிகிற மாதிரி வைக்க வேண்டுமாம்.

"அதெப்படீங்க வைக்கறது?"

"பாத்தாலே கிறுக்குன்னு தெரியோணுங்க."

செங்கோட்டையன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வைத்தார். இடது கையால் ஒன்று வைத்தார். ஒரே ஒரு வெள்ளைக் காய் வைத்தால் மொத்தமாகப் பிடிபடுகிற மாதிரி ஏழு காய்களை வரிசையாக விட்டார். சோய் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பொறி என்று நினைத்துவிட்டார் என்றான் நவநீத், அழாத குறையாக. தொண்ணூற்றெட்டு.

"எட்டாங் கிளாசுல மூணு வருசம் பெயிலானவனுங்க நானு. எனக்கே தோக்க வரமாட்டேங்குதுங்க தம்பி."

சோய் காய்க் கிண்ணத்தை மூடினார். எழுந்து, இடுப்பு வரை குனிந்து கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். தோல்வியை ஒப்புக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டே காருக்குப் போனார். அவருடைய டிரைவர் ஜெரோம் பின்னாலேயே ஓடினான். கொரியாவில் ஆறு வருஷம் வெல்டராக இருந்தவன் அவன். சோய்க்கு அவன்தான் வாயும் காதும்.

நவநீத் தலையில் கை வைத்துக்கொண்டான். பட்டறையில் போய் என்ன சொல்வது என்று செங்கோட்டையன் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார்.

பத்து நிமிஷத்தில் ஜெரோம் திரும்பி வந்தான். ஆர்டர் நாளைக்கே வந்துவிடுமாம்.

செங்கோட்டையனுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்க, தோத்ததுக்கு அவருக்குக் கோவமில்லீங்களா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. இந்த வெலைக்குச் செஞ்சு குடுக்க வேற ஆளில்ல, எப்படியாவது தோத்து அந்த முதலாளி மனசைக் குளிர வெச்சுப்போட்டு வான்னுதான் அவரு கம்பெனியில சொல்லி அனுப்பிச்சாங்களாமுங்க. 'அந்தப் பெரியவர் என்னைய லேசுல தோக்கவே உடலை'ன்னு, பாவம், காருல படுத்துட்டாருங்க."