அத்தானின் ஜீப்புக்குக் கூண்டு போட்ட விவகாரம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அதாவது, இன்று வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நிலவரப்படி நலம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் வீட்டில் போனை எடுப்பது அக்கா. அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். ஜீப்புக்குக் கித்தான் கூரை தைத்த தையல்காரர் ஐந்து மணி பஸ்ஸில் உங்கள் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மனிதர் இப்போதே வாசலில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கு அவர்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ ஏலத்தில் எடுத்து இத்தனை வருடம் போர்த்தி வைத்திருந்த அந்தப் பழைய ஜீப்பின் சாவியை, என் மகள் பல் டாக்டருக்குப் படித்து முடித்த அன்று அவள் கையில் கொடுத்தீர்கள். ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருக்கலாம், அத்தான். ஒரு பேனா கொடுத்திருக்கலாம். கதவு கிடையாது, கித்தானைத் தவிரக் கூரை கிடையாது, பெட்ரோல் டேங்க் டிரைவர் இருக்கைக்கு நேர் கீழே. ஓட்டுகிறவர் பெட்ரோல் மேலேயே உட்கார்ந்துகொண்டு போருக்குப் போவதற்காகச் செய்த வண்டி. அதில்தான் என் மகள் வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளுக்கான மலையேற்றப் போட்டிக்குப் போகிறாள். பதினெட்டு வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. வேண்டாம் என்று அவளிடம் சொல்ல முடியாது. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவள், பதில் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை.

ஆகவே நான் தந்திரமாக ஒரு நிபந்தனை போட்டேன். "வண்டி கவுந்தா தலை தப்பணும். சுத்தி ரோல் கேஜ் போட்டா போ, இல்லன்னா பேச்சே வேண்டாம்" என்றேன். இருக்கைகளைச் சுற்றி இரும்புக் குழாயில் கட்டுகிற கூண்டு அது. இந்தக் காலத்து வண்டி என்றால் செய்துவிடுவார்கள், உங்கள் ஜீப்பின் வயசுக்கு எவன் செய்வான் என்று தெம்பாக இருந்தேன். மறுநாளே வெல்டரோடு வந்து நின்றாள். அவருக்கு 'ஆச்சு மாஸ்டர்' என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "ஆச்சு" என்பார். அப்போதுதான் நீங்களும் உங்கள் பங்குக்கு அவரைப் போனில் பிடித்து, "அது அப்படியே ஒரிஜினல் சேஸிஸ். ஒரு ஓட்டை விழக்கூடாது, ஒரு பொட்டு வெல்டிங் படக்கூடாது" என்று அந்த அடிச்சட்டத்துக்காகச் சத்தியம் வாங்கினீர்கள். "ஆச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது, பின்னால் சொல்கிறேன்.

வேலை நம் வீட்டு ஷெட்டிலேயே நடந்தது. முதல் நாள் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாஸ்டர் டிரைவர் இருக்கை அருகே வெல்டிங் கம்பியைப் பற்றவைக்கப் போய்விட்டார். டேங்க் கழற்றவில்லை! நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் சவரத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தெருமுனை மரத்தடி பெஞ்சில் வைத்து, பக்கத்தில் நானே நான்கு மணி நேரம் காவல் உட்கார்ந்தேன். போகிறவர்கள் எல்லாம் என் கவலை முகத்தைப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாஸ்டர் பற்றவைக்கும்போதெல்லாம் தெரு முழுக்க மின்விசிறி மெதுவானது. மூன்றாம் நாள் கூண்டு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என் மனைவி அதில் ஈரப் புடவையை உலர்த்தினாள். "நல்ல காத்து வருதுங்க, இது இங்கயே இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அதே ஆசைதான்.

புதன்கிழமை மகள் கிளினிக்கில் இருந்தபோது, டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் லிஃப்ட் பரிசோதனை செய்தவன், கை சும்மா இருக்குமா. கூண்டின் நான்கு கால்களையும் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே 'ணங்' என்றது. கீழே 'தொப்' என்றது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், பிஸ்கட்டில் போவது போல் உள்ளே போய்விட்டது. அத்தான், நான்கு கால்களும் சேஸிஸில் நிற்கவில்லை. தரைத் தகட்டில் நிற்கின்றன. தகடு என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான், பாதி துரு, மீதி உங்கள் பச்சைப் பெயிண்ட். வண்டி ஒரு முறை உருண்டால் கூண்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு கழன்று போகும். இல்லாவிட்டால் அவள் மேலேயே இறங்கும். டார்ச் நழுவி நெஞ்சில் விழுந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். "கால் நாலும் எதுமேல நிக்குது மாஸ்டர்?"

"தரைமேல சார்."

"சேஸிஸ்ல பிடிக்க வேண்டாமா?"

"பெரியவர் ஓட்டை கூடாதுன்னாரு. நீங்க கூண்டு வேணும்னீங்க. ரெண்டு பேர் பேச்சையும் காப்பாத்திட்டேன் சார்!" என்றார், முகம் எல்லாம் பல்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நிபந்தனை போட்டது நாம் இருவரும். என்ன, எதற்கு என்று யோசிக்காமல் பெரிய மனிதர்கள் இருவர் ஆளுக்கொரு உத்தரவு போட்டோம், அந்த மனிதர் இரண்டையும் நிறைவேற்றி வைத்தார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மகளிடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்றால் இன்று காலை போட்டிக்காரர்களின் பரிசோதகர் வீட்டுக்கே வருவதாக இருந்தது. பெரிய கறார் பேர்வழி, போன வருடம் ஒன்பது வண்டிகளைத் திருப்பி அனுப்பினார் என்றார்கள். அவர் அடியில் பார்ப்பார், 'செல்லாது' என்பார், போட்டி போச்சு, பழி என் மேல் இல்லை. இரண்டு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்வேன்.

பரிசோதகர் வந்தார். குழாயின் கனத்தைக் கருவி வைத்து அளந்தார். என் மகளை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, தலைக்கும் குழாய்க்கும் இடையே நான்கு விரல் இருக்கிறதா என்று பார்த்தார். தீயணைப்பு சிலிண்டரின் தேதி பார்த்தார். 'குனி, குனி' என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன். அப்போது அவர் கை ஸ்டீயரிங் மேல் போயிற்று. போனதும் முகம் மாறிவிட்டது. "இதே வண்டிதாங்க! நான் ஓட்டினது இதே மாதிரி!" என்று ஏறி உட்கார்ந்தார். அவர் ராணுவத்தில் டிரைவராக இருந்தவராம். அரைமணி நேரம் கியர் போட்டுக் காட்டினார், ஒரு ஆற்றைக் கடந்த கதை சொன்னார், இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறங்கினார், பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார், போயே போய்விட்டார். குனியவே இல்லை!

அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. பேச்சு சுவாரசியத்தில் நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டுகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். நான் எந்தக் கட்டடத்திலும் மாடிப்படியில் ஏறுவது உடற்பயிற்சிக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக நிலவரம் இதுதான். கூண்டு இல்லாவிட்டால் அவள் போயிருக்க மாட்டாள். கூண்டு சரியாக இருந்தால் போய்வரலாம். இப்போது கூண்டு இருப்பதுபோல் இருக்கிறது, அவள் அதை நம்பி வேகமாக ஓட்டுவாள். சொன்னால், "எப்ப தெரியும்?" என்று கேட்பாள், புதன்கிழமை என்று எந்த வாயால் சொல்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். மலையை நினைத்தும் பயம், அவள் முகத்தை நினைத்தும் பயம்.

ஆகவே உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். நாளை காலையிலேயே அவளுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜீப் உங்களுக்கு வேண்டும், பழைய ராணுவ நண்பர்கள் புகைப்படம் எடுக்க வருகிறார்கள் என்று ஏதாவது சொல்லிப் பிடுங்கிக்கொள்ளுங்கள். கூண்டின் கால் விஷயத்தை மூச்சுவிட வேண்டாம். நான் எழுதியதாகவும் தெரிய வேண்டாம். இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல்லுங்கள், இனி ஆயுசுக்கும் எதுவும் கேட்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் பக்கம், முக்கியமாக அந்த ஜீப் பக்கம், எப்போதும் இருக்கட்டும்.

பணிவுடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: தையல்காரர் ஐந்து மணி பஸ்ஸைத் தவறவிட்டார், நாளைக் காலை பஸ்ஸில்தான் வருவார். அதற்குக் காரணம் நாங்கள். கடிதத்தை மடிக்கும்போது மகள் கிளினிக்கிலிருந்து வந்துவிட்டாள். வந்தவள் ஜீப்பில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "அப்பா, எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

"அதான் ஸ்டிக்கர் ஒட்டியாச்சே."

"அவர் ஒட்டினது ஸ்டிக்கர்பா. நீங்க பாத்தீங்களா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். "எப்ப தெரியும்?" என்று நான் பயந்தபடியே கேட்டாள். புதன்கிழமை என்றேன். பெல்ட்டைக் கழற்றினாள். "நான் ஓட்டறது பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். ஆனா சண்டையாவது போட்டிருப்போம். இது அதவிட மோசம்பா."

மாஸ்டரை வரவழைத்தோம். முதலில் டேங்கைக் கழற்றிவிட்டு, துருத் தகட்டை வெட்டி எறிந்து, காலுக்கு அடியில் தடித்த இரும்புப் பட்டை வைத்து, சேஸிஸோடு போல்ட் போட்டாயிற்று. காலுக்கு நான்கு, மொத்தம் பதினாறு ஓட்டை. முதல் இரண்டு நான் போட்டேன். மூன்றாவதில் டிரில் வழுக்கியது. "தள்ளுங்கப்பா, ஓட்டை போடறது என் தொழில்" என்று டிரில்லை வாங்கிக்கொண்டாள். டார்ச் பிடித்தது தையல்காரர். மாஸ்டர் ஒவ்வொரு ஓட்டைக்கும் "பெரியவருக்கு என்ன பதில் சொல்வேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். முடித்ததும் நான் மறுபடி அடியில் படுத்து நான்கு கால்களையும் தட்டினேன். இரண்டு முறை தட்டினேன்.

வெளியே வந்ததும், "ஞாயித்துக்கிழமை வழி சொல்ல ஆள் வேணும், பக்கத்து சீட்ல நீங்க வாங்க" என்றாள். நானா என்றேன். "நீங்க பாத்த வண்டிப்பா. நீங்களே ஏறலன்னா நான் எதை நம்பி ஓட்டறது?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே அத்தான், மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உங்கள் ஒரிஜினல் சேஸிஸில் பதினாறு ஓட்டை இருக்கிறது. திட்ட வேண்டியதையெல்லாம் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொள்ள நாங்கள் இருவரும் இருப்போம்.