சர்ஜ் புரொடெக்டருக்கு வைத்த பொட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பதினொரு லோரிகளுக்கு முதலாளி. என்னால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவன் சொல்வதை முழுசாகக் கேட்பது.

கிள்ளானில் புது வீடு கட்டினேன். பட்டனைத் தொட்டால் திறக்கும் கேட், ஆள் வந்தால் பேசும் பெல், உட்கார்ந்தவரைப் பிசைந்தெடுக்கும் மசாஜ் நாற்காலி. வயரிங் செய்த ராஜன் மெயின் பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவை மாட்டினான். சர்ஜ் புரொடெக்டர். மின்னல் அடித்து லைனில் பாயும் கரண்டைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற சாமான்களைக் காப்பாற்றுமாம்.

"அண்ணே, இந்தக் குட்டி ஜன்னல்ல பச்சை தெரிஞ்சா அது உசுரோட இருக்கு. சிவப்பாயிட்டா செத்துருச்சு. உடனே போன் போடுங்க, மாத்திடலாம்."

"டேய், எஞ்சின் சத்தத்தை வச்சே வியாதி சொல்றவன் நான். எனக்கே பாடமா?"

ஆயுத பூஜை வந்தது. லோரிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தேன். வீட்டைக் காக்கிற டப்பாவை விடலாமா? அதற்கு நெற்றி எது என்று தேடினேன். அந்த ஜன்னல்தான் அம்சமாக இருந்தது. லோரிக்கு வைக்கிற அளவிலேயே கட்டைவிரலால் அழுத்தி ஒரு குங்குமப் பொட்டு. (என் பக்தியைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.)

சில மாதம் கழித்து, மகள் கவிதாவைப் பெண் பார்க்க சுங்கை வேயிலிருந்து வந்தார்கள். பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. "பெருமை பேசிக் கெடுத்துடாதீங்கப்பா" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள். பையனின் அப்பா சண்முகம், ஃபேக்டரியில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். நான் மூன்று மணி நேரம் பேசினேன். அவர் மூன்று வார்த்தை பேசியிருப்பார்.

கடைசியில் எழுந்தார். "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

(இதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும்.)

விடுவேனா? "போறதுக்கு முன்னாடி இதுல அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா" என்று அவர் மனைவியை மசாஜ் நாற்காலியில் சாய்த்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அடித்தது மின்னல்.

ஏர்கான் புகைந்தது. பெல் "வெல்கம், வெல்கம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உயிரை விட்டது. விளக்குகள் அணைந்தன. நாற்காலி அந்தம்மாவின் கால்களை மேலே தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, யாராச்சும் தூக்குங்க லா!"

நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். வாசலுக்கு ஓடினால் கேட் அசையவில்லை. கையால் திறக்க ஒரு சாவி உண்டு. பத்திரமாக இருக்கட்டுமென்று ஒரு லோரியில் வைத்திருந்தேன். அந்த லோரி அன்றைக்கு எங்கோ தூரத்தில், ஜொகூரில்.

"போய்ச் சொல்றோம்னவங்களைப் போகவே விடலையேப்பா நீங்க" என்றாள் கவிதா.

சண்முகம் டார்ச் கேட்டு வாங்கினார். மெயின் பெட்டியைத் திறந்து, என் பொட்டை நகத்தால் சுரண்டினார். அதற்கு அடியிலும் சிவப்பு.

"இது முன்னாடி அடிச்ச ஏதோ மின்னல்லயே செத்துப்போச்சு. செத்தது தெரியாம மூடி வச்சது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்... ஆயுத பூஜைக்கு..."

அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷம் இதே வேலை பார்த்திருக்கேன். இதுக்குப் பொட்டு வச்ச ஆளை இப்பத்தான் பார்க்கறேன், சம்பந்தி!"

சம்பந்தி! என் மனைவி இருட்டில் தட்டுத் தடுமாறிச் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள். அப்புறம் மழை விட்டதும், ஏணி போட்டு மதில் வழியாக எல்லோரையும் மரியாதையாக இறக்கி அனுப்பினோம். அவர்கள் கார் மட்டும், லோரி திரும்பி வரும்வரை கேட்டுக்கு உள்ளேயே கிடந்தது.

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் இன்றைக்கும் வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் குடை பிடித்து நடந்து வருவார்.

"உள்ள விடலாமே மாப்பிள்ளை?"

"வேணாம் மாமா. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."